அம்மா விழித்துக் கிடந்த பன்னிரண்டு நிமிடம்

ஜூன் 3

அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுகிறேன். சத்தமில்லாமல் நடக்கிறேன் என்று பூனை என்று கூப்பிடுவீர்களே, அவள்தான்.

இந்தக் கடிதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் பேச்சை யாராவது எடுத்தால் அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுகிறாள். இரண்டு வருடமாக இப்படித்தான். அதனால் பதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் வேலை செய்யும் சலவைக் கடையின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிப்பது என் வேலை. பேச வேண்டியதில்லை, அதனால் பிடித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராதது உங்களுக்குத் தெரியும். அதோடு மாதம் ஒரு தடவை தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்துவிடும்.

அந்தத் தொண்டைக்குத்தான் இப்போது ஆபரேஷன். டான்சிலை எடுக்க வேண்டுமாம். இந்த மாதம் 28ஆம் தேதி. நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனை இல்லை, வேறு ஒன்று. எது என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அன்றைக்கு நடந்ததை அம்மா ஒரே ஒரு தடவைதான் முழுதாகச் சொன்னாள். குடல்வால் வெடித்து அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். முடிந்த பிறகு நடந்ததை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"எனக்கு முழிப்பு வந்துடுச்சு. கண்ணத் திறக்க முடியல. ஒரு விரலக்கூட அசைக்க முடியல. மூச்ச நான் விடல, ஏதோ மெஷின் விடுது. கத்தணும்னு பார்க்கிறேன், வாய் என்னோடதாவே இல்ல. ரேடியோவுல பாட்டு ஓடுது. உன் அத்தைக்காரி சொல்றா, எங்க அண்ணி வாய மூடி நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. மருந்த ஊசியில ஏத்திக் குடுத்தது அவ. அதுக்கு முந்தின வாரம்தான் மாடி ரூமக் காலி பண்ணச் சொன்னேன்னு எங்கிட்ட சண்டை போட்டா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

அதற்குப் பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அம்மாவுக்குத் தானாக மூச்சு வரவில்லை.

அத்தை, நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்களா? இல்லை, மருந்தை மாற்றி எடுத்துவிட்டீர்களா? அப்படிச் சொன்னீர்களா, சிரித்தீர்களா? ரேடியோ எதற்காக இருந்தது? நேரில் என்றால் இதையெல்லாம் கேட்டிருக்கவே மாட்டேன்.

பூனை


ஜூன் 8

பூனைக்கு,

இரண்டு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள் நீ. அதையும் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து விசாரிப்பது போலக் கேட்டிருக்கிறாய். பரவாயில்லை. உன் அப்பா அதைக்கூடக் கேட்கவில்லை. நாற்பது பேர் இருக்கும் பஸ்ஸை ஓட்டுகிற மனுஷனுக்கு, தங்கையிடம் "என்ன நடந்தது" என்று ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வரவில்லை.

வேண்டுமென்றே செய்யவில்லை. மருந்தை மாற்றவும் இல்லை. டாக்டர் கேட்ட மருந்தைத்தான் எடுத்தேன், கேட்ட அளவுதான் ஏற்றினேன். ஊசியில் சிவப்புச் சீட்டு ஒட்டி, பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தேன். பதினோரு வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையிலும் அப்படித்தான் செய்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாலும் உனக்குப் புரியும். வெளியே எல்லோரும் மயக்க மருந்து என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே அது மூன்று வேலை. தூங்க வைக்க ஒரு மருந்து, வலி தெரியாமல் இருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று. தசை தளராவிட்டால் தொண்டைக்குள் குழாய் வைக்க முடியாது, வயிற்றைத் திறக்கவும் முடியாது. நரம்பு ஒரு பொருளை அனுப்பித்தான் தசையை அசையச் சொல்கிறது. அந்தப் பொருள் வந்து உட்கார தசையில் இடம் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல இந்த மருந்து முன்னாலேயே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நரம்பு எவ்வளவு சொன்னாலும் தசைக்குக் கேட்காது. மூச்சு இழுப்பதும் தசைதான், அதனால் மெஷின் மூச்சு கொடுக்கும். ஒன்றை மறந்துவிடாதே: இந்த மருந்து தூங்க வைக்காது. காது கேட்கும், வலி தெரியும். தூங்க வைப்பது வேறு மருந்தின் வேலை.

அண்ணி அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். அப்படி வருகிறவர்களுக்குக் குழாயைச் சீக்கிரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு சக்ஸமெத்தோனியம் என்று ஒரு மருந்து. ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். உடம்பெல்லாம் ஒரு துடிப்பு ஓடும், பிறகு அடங்கிவிடும். ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகத் தெளியும். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துவிடும் என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம். அண்ணியின் ரத்தத்தில் அந்த நொதி சரியில்லை. ஐந்து நிமிட மருந்து நாலரை மணி நேரம் நின்றது. எங்களில் யாருக்கும் அது முன்னால் தெரியாது. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பிறகு ரத்தம் எடுத்துச் சோதித்தோம். அந்த முடிவை உன் அப்பா பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதி அப்படியே திரும்பி வந்தது. உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அண்ணி வாயை மூடி இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொன்னேனா என்று கேட்டாய். ஆமாம், சொன்னேன். அண்ணி தூங்குவதாக நினைத்துச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு அண்ணியின் கண்ணோரத்தில் ஈரத்தைப் பார்த்தேன். முதலில் பார்த்ததும் நான்தான், டாக்டரிடம் சொன்னதும் நான்தான். உடனே தூங்க வைக்கும் மருந்தை மறுபடி கொடுத்தார்கள். இடையில் பன்னிரண்டு நிமிடம்.

இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. உன் டாக்டரிடம் அண்ணியின் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள்தானே? அதை மட்டும் எழுது.

அத்தை


ஜூன் 12

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடை முதலாளியம்மா இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். "யாருடி அந்தப் பையன்?" என்று கேட்டார். அத்தை என்றேன். "எல்லாரும் மொதல்ல அத்தைன்னுதான் சொல்லுவீங்க" என்றார். மடிக்கும் மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் உறையின் மேல் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

மூன்று தடவை படித்தேன். நொதி விஷயம் புரிந்தது. ஆனால் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதியவர், ரேடியோவுக்கு மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சிரித்ததைக்கூட ஒத்துக்கொண்டீர்கள். ரேடியோவை ஏன் தாண்டிப் போனீர்கள்?

இன்னொன்று. அது ஐந்து நிமிட மருந்து என்றால், ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அம்மாவால் அசைய முடியவில்லை என்பதை யாரும் பார்க்க மாட்டீர்களா? அசைய முடியாத ஆளுக்குத் தூங்கும் மருந்தை ஏன் நிறுத்தினீர்கள்? நான் விரிப்பை மடிக்கும் முன்னால் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அது வெறும் துணி.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சொல்லவில்லை. முதல் தடவை போனபோது நர்ஸ் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" என்று கேட்டார். அம்மா "இல்ல" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்து, மரத்தடியில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"மருந்தால எனக்கு என்ன வந்துச்சு? ஆளால வந்துச்சு. அதுக்கு அந்தக் காகிதத்துல கட்டம் இல்ல" என்றாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்புகிறாள். எனக்கு இப்போது யாரை நம்புவது என்று தெரியவில்லை. நாள் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

பூனை


ஜூன் 15

பூனை,

முதலில் இதைச் செய், மற்றதைப் பிறகு படி. 28ஆம் தேதிக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார். "என் அம்மாவுக்கு சக்ஸமெத்தோனியம் போட்டு நாலரை மணி நேரம் மூச்சு வரவில்லை" என்று சொல். அது போதும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டான்சிலுக்கு அந்த மருந்தைப் போடாமலும் இருக்கலாம், இப்போது பலர் வேறு மருந்துதான் போடுகிறார்கள். ஆனால் குழாயை எடுக்கும்போது சில பேருக்குத் தொண்டை சட்டென்று இறுகிக்கொள்ளும். அப்போது யாருடைய கையும் முதலில் போவது அந்த மருந்துக்குத்தான்.

நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணி எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை அடித்தேன். பிறகு மணியே போகவில்லை. எந்த மருத்துவமனை என்று நீ சொல்லியிருந்தால் நானே பேசியிருப்பேன். சொல்ல மாட்டாய் என்று தெரியும்.

இப்போது ரேடியோ.

அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சின்னக் கருவி உண்டு. சோப்புப் பெட்டி அளவு. மணிக்கட்டில் இரண்டு வில்லையை ஒட்டி லேசான மின்சாரத்தால் நரம்பைத் தட்டினால், தசை தெளிந்திருக்கும் ஆளுக்குக் கட்டைவிரல் நாலு தடவை துள்ளும். துள்ளாவிட்டால் மருந்து இன்னும் இருக்கிறது, தூக்கத்தைக் கலைக்கக் கூடாது. நீ விரிப்பைத் தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அதே வேலை. சர்ஜனுக்குப் பாட்டு இல்லாமல் கை ஓடாது. சுவரில் ஒரு பழைய ரேடியோ மாட்டியிருந்தார்கள். அதற்கும் இந்தக் கருவிக்கும் ஒரே மாதிரி சதுர பேட்டரி. ரேடியோ நின்றால் கருவியில் இருப்பதைக் கழற்றி ரேடியோவில் போடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கருவியைத் தினமும் யாரும் கேட்பதில்லை, ரேடியோவைத் தினமும் கேட்பார்கள். சாயங்காலம் திருப்பிப் போட்டுவிடுவோம்.

அன்றைக்குக் காலையில் கழற்றியது நான்.

ஆபரேஷன் முடியும்போது டாக்டர் கருவியைக் கேட்டார். பேட்டரி இல்லை என்றேன். "ஐந்து நிமிட மருந்துதான, ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சே, போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்க வைக்கும் வாயுவை நிறுத்தினார். சுவரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எட்டி அந்த பேட்டரியை எடுத்திருந்தால் அண்ணிக்கு முழிப்பு வந்திருக்காது. மூச்சு வராமல் போனதற்கு நான் காரணம் இல்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு நானும் ஒரு காரணம். பிறகு மருத்துவமனை நடத்திய விசாரணையில் யாரும் பேட்டரியைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தபால் திரும்பி வந்தபோதே கிளம்பி வந்து வாசலில் நின்றிருக்க வேண்டும். எனக்கும் வீம்பு. வாங்க மறுத்தார்கள் அல்லவா, இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். உனக்கு ஒரு நாள் ஆபரேஷன் வரும் என்று தோன்றவே இல்லை.

அண்ணியின் ரத்தச் சோதனை நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்த நொதி எவ்வளவு சரியாக இருக்கிறது என்று காட்டும் ஒரு எண் அதில் இருக்கிறது. மற்றவர்களுக்கு எண்பதை ஒட்டி வரும். அண்ணிக்கு இருபத்தொன்று.

அத்தை


ஜூன் 18

அத்தைக்கு,

உங்கள் பெயரைப் பெரிதாக எழுதியதற்கு நன்றி. முதலாளியம்மாவுக்கு ஏமாற்றம்.

அப்படியென்றால் அம்மா சொன்னதில் பாதி உண்மை. இரண்டு வருடம் அவளைப் பைத்தியக்காரி மாதிரி எல்லோரும் பார்த்தோம். அப்பாகூட, "மயக்கத்துல ஏதோ கனவு கண்டிருப்ப" என்றுதான் சொன்னார். கனவு இல்லை என்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நகலைப் பார்த்தேன். மேலே அம்மாவின் பெயரையும் வயதையும் எழுதியிருப்பது உங்கள் கையெழுத்து. என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்தது நீங்கள்தானே, எனக்கு அந்த எழுத்து தெரியும். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் நகலில் கறுப்பாக இருக்கிறது. இதை நீங்களே நிரப்பியிருக்கலாம். எல்லாப் பழியையும் அம்மாவின் ரத்தத்தின் மேல் போட்டுவிட்டால் உங்களுக்கு பேட்டரி மட்டும்தான் மிச்சம்.

இப்படி எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பேட்டரி விஷயத்தை நான் கேட்ட பிறகுதான் சொன்னீர்கள். நான் கேட்காமல் விட்டது இன்னும் எவ்வளவு இருக்கிறதோ.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டியது 22ஆம் தேதி. அம்மாவும் கூட வருவாள்.

பூனை


ஜூன் 20

பூனை,

படிவத்தை நிரப்பியது நான்தான். ரத்தம் எடுத்து அனுப்புவது எங்கள் வேலை, பெயரை நாங்கள்தான் எழுதுவோம். இதையும் நீ நம்பத் தேவையில்லை.

என்னை நம்பாதே. உன் அம்மாவையும் நம்பாதே. உன் ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து, என்னைத் தெரியாத யாரோ ஒருவர் சோதிக்கட்டும். நான் சொன்னது பொய் என்றால் உனக்கு எண்பது வரும். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதவே வேண்டாம். ஆனால் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் நீ வாயைத் திறந்து சொன்னால்தான் முடியும். குரல் வராவிட்டால் காகிதத்தில் எழுதிக் கொடு.

அத்தை


ஜூலை 4

அத்தைக்கு,

ஆபரேஷன் 28ஆம் தேதி நடக்கவில்லை. தள்ளி வைத்துவிட்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

22ஆம் தேதி நான் காகிதத்தில் எழுதித்தான் கொண்டு போனேன். கையில் மடித்து வைத்திருந்தேன், வேர்வையில் மை கலங்கிவிட்டது. சின்ன அறை. டாக்டரம்மா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தை ஆட்டச் சொன்னார், பல் ஆடுகிறதா என்று கேட்டார். பிறகு காகிதத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. நர்ஸ் முன்பே "இல்லை" என்று எழுதியிருந்தார் அல்லவா, அதன் மேலேயே பேனா போய்விட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். மருந்தின் பெயரைத் தப்பில்லாமல் சொன்னேன், இஸ்திரி போடும்போது பத்து நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "அது வேற விஷயம் டாக்டர். எங்க வீட்டு விஷயம்."

"எவ்வளவு நேரம் மூச்சு வரல?"

"நாலு மணி நேரத்துக்கு மேலன்னு சொன்னாங்க. ஆனா அது மருந்தால இல்ல. என் நாத்தனார்..."

"உங்க நாத்தனார் என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. மூச்சு வராததுதான் என் விஷயம். ஏன் முன்னாடியே சொல்லல?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இவளுக்கு யார் சொன்னா இந்தப் பேரெல்லாம்?"

நான் சொல்லிவிட்டேன், கடிதம் எழுதினேன் என்று. டாக்டரம்மா முன்னாலேயே. அம்மா என் முழங்கையை விட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின் சீட்டில். நாலு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் வைப்பாள். உங்களுக்குக் கிடைத்த தண்டனை எனக்கும் கிடைத்தது.

முடிவு போன வாரம் வந்தது. அம்மாவுக்கு இருபத்தொன்று. உங்கள் நகலில் இருந்த அதே எண்.

எனக்கு இருபத்திரண்டு.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அம்மாவிடமிருந்து மட்டும் வந்திருந்தால் எனக்கு அறுபதை ஒட்டி இருக்க வேண்டுமாம். இருபத்திரண்டு என்றால் இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நேற்று வந்த முடிவில் அவருக்கு ஐம்பத்தொன்பது. "நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றார் அப்பா. அம்மா, "அவ்வளவு தூரம் இல்ல போலிருக்கு" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்கும்போது அம்மா தானாகப் பேசினாள். "மூச்சு விஷயத்துல அவ பொய் சொல்லல." ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டு, "சிரிச்சது சிரிச்சதுதான்" என்றாள். பேட்டரி விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் உங்கள் மேல் சந்தேகப்பட்டது எண்ணைப் பற்றி மட்டும் தப்பு. மன்னிப்பு அதற்கு மட்டும் கேட்கிறேன்.

ஆபரேஷன் 16ஆம் தேதி.

பூனை


ஜூலை 8

பூனை,

உன் கடிதத்தைத் தியேட்டர் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். கூப்பிட்டார்கள், போகவில்லை.

இரண்டு வருடமாக இங்கே எல்லோரிடமும் "எங்கள் அண்ணி வீட்டு ரத்தம்" என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது என்றால் எனக்கும் இருக்கலாம். பதினோரு வருடம் அந்த மருந்தைக் கையில் பிடித்திருந்தும், என் ரத்தத்தைச் சோதிக்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அண்ணிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இந்த உறையில் வைத்திருக்கிறேன். பேட்டரி, பாட்டு, நான் சொன்ன சொல், எல்லாம் அதில் இருக்கிறது. சாக்கு ஒன்றும் எழுதவில்லை. படிக்கக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். ஆனால் 16ஆம் தேதிக்கு முன்னால் கொடுத்தால் நல்லது. எதைச் சரிபார்க்க வேண்டும் என்று உள்ளே போகும் முன்னால் அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தை


ஜூலை 19

அத்தைக்கு,

நடந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தண்டனை மாதிரி தெரிகிறது, எனக்கு விடுமுறை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்று படித்தாள். பேட்டரி இருந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன், கண் மேலே போய்த் திரும்ப வந்தது. "ரேடியோவுக்கா" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் கேட்டதா, சுவரிடம் கேட்டதா தெரியவில்லை. அழவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டாள்.

16ஆம் தேதி காலையில் டாக்டரம்மா அறைக்கு வெளியே வந்து, எனக்கு வேறு மருந்துதான் போடப் போவதாகச் சொன்னார். அதைத் தெளிய வைக்கத் தனி மருந்து உண்டு, அது நொதியை நம்பி இல்லை என்றார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தக் கட்டைவிரல் மெஷின் இருக்கா உங்ககிட்ட?" என்றாள்.

"இருக்கும்மா."

"எடுத்துட்டு வாங்க."

டாக்டரம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கொண்டு வந்தார். "பேட்டரி இருக்கா?" என்று அம்மா கேட்டாள். இருக்கிறது என்றார். "என் கையில வெச்சுக் காட்டுங்க" என்று வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "சுருக்குன்னு இருக்கும்மா" என்றார் அவர். "இருக்கட்டும்." வில்லையை ஒட்டி அழுத்தினார். அம்மாவின் கட்டைவிரல் அவள் சொல்லாமலேயே நாலு தடவை துள்ளியது. அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவையும் துள்ளியது. "சரி, கூட்டிட்டுப் போங்க" என்று என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினாள்.

எழுந்தபோது யாரோ என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா. அசைத்துக் காட்டினேன். கால் விரலையும் அசைக்கச் சொன்னாள். அதையும் காட்டினேன். அப்பா, "போதும், பிள்ளையைத் தூங்க விடு" என்றார். "தூங்கினதெல்லாம் போதும்" என்றாள்.

நேற்று வீட்டுக்கு அனுப்பும்போது கவுன்ட்டரில் அட்டை கொடுத்தார்கள். பஸ் பாஸ் மாதிரி சின்னது. இன்ன மருந்து இவருக்குக் கூடாது என்று சிவப்பில் அச்சடித்து, மேலே பெயர் எழுத ஒரு கோடு. எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அப்பாவிடம் சந்தேகத்துக்கு நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒன்று கொடுத்தார்கள். மூன்று அட்டைகளையும் அம்மா வாங்கிக்கொண்டாள். நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது.

"இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தார். "மூணு பேருதானம்மா சோதிச்சீங்க. இன்னொண்ணு யாருக்கு?"

"எங்க வீட்டுல இன்னொருத்தி இருக்கா" என்றாள் அம்மா. "இன்னும் ரத்தம் குடுக்கல."

அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெயரை அம்மா எழுதவில்லை. சோதனை முடிவு வந்ததும் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டுமாம். முடிவு என்னவென்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னாள். பதிலைச் சலவைக் கடைக்கு அனுப்ப வேண்டாம், வீட்டுக்கே எழுதுங்கள்.

பூனை